மாத்திரை, அரிசி, உப்பு, முட்டை: முதல் காசு எதற்கு?

வியாசர்பாடியில் ஒரு வீட்டு வாசலில் ஆயா ஒருவர் முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பி வைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கல், நெல் பொறுக்குகிறார் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், கிண்ணத்தில் சேர்ந்திருந்தது எல்லாமே அரிசி. மற்றதைவிடக் கொஞ்சம் மஞ்சள் தட்டி, ஓரம் மழுங்கி இருந்தது. "பிளாஸ்டிக் அரிசிம்மா. தண்ணில போட்டா மெதக்குது பாரு. இத்த துன்னா புள்ளத்தாச்சி பொண்ணு இன்னாத்துக்கு ஆவும்?" என்றார். மருமகளுக்கு ஏழாம் மாதம்.

அது பிளாஸ்டிக் இல்லை. அரிசியை மாவாக அரைத்து, இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் மறுபடியும் அரிசி வடிவில் பிழிந்து எடுத்தது. சாதா அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்று கலந்திருந்தார்கள். அரசாங்கம் ஆலையிலிருந்து அந்த வாசல் வரை கொண்டுவந்து சேர்த்த இரும்பை ஆயா பத்து நிமிடத்தில் தனியே எடுத்துவிட்டார். மருமகள் மேல் இருந்த அக்கறையில்தான் எடுத்தார்.

வடசென்னையில் தாய்-சேய் ஊட்டச்சத்து வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வரும் நுண்சத்துக் குறைபாட்டைத் தடுக்க ஒரு தேசியத் திட்டம் தீட்டினால், பணத்தை எதில் முதலில் போடுவது என்று கூட்டங்களில் பேச்சு வரும்போதெல்லாம் அந்தக் கிண்ணம்தான் எனக்கு நினைவுக்கு வரும். கையில் நான்கு வழிகள் இருக்கின்றன: மாத்திரை, ஆயா பொறுக்கியதுபோல் சத்து சேர்த்த 'செறிவூட்டிய' அரிசி, இரும்பும் அயோடினும் சேர்த்த இரட்டைச் சத்து உப்பு, நேரடியாகச் சாப்பாடு. எதில் எவ்வளவு சத்து என்று அட்டவணை போட்டுத்தான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கு வேண்டும்தான். அதோடு, அதை யார் கையிலிருந்து யார் வாய்க்குக் கொண்டுபோகிறோம் என்பதையும் பார்த்தால் பட்டியலின் வரிசையே மாறிவிடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிக்கு மாத்திரை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சாப்பாடும் இரும்புச் சிரப்பும். எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் வராத மற்றப் பெண்களுக்கு உப்பு. அரிசி கடைசியில்.

நம் நாட்டுக்கு இது புது வேலை இல்லை. அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலைக்கு 1962இலேயே திட்டம் வந்தது. ரத்தசோகைக்கும் வைட்டமின் ஏ குறைபாட்டுக்கும் 1970இல். அங்கன்வாடிகள் 1975இலிருந்து. 2018இல் 'சோகையற்ற இந்தியா' திட்டம். இத்தனைக்குப் பிறகும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கும் சோகை. தமிழ்நாட்டில் பெண்கள் 53.4, குழந்தைகள் 57.4. சத்துணவுக்குப் பேர்போன நம் மாநிலத்திலேயே குழந்தைகளின் எண் முந்தைய கணக்கெடுப்பில் 50.7 ஆக இருந்து ஏறியிருக்கிறது.

இந்த எண்களில் ஒரு சிக்கல் உண்டு. விரலில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தத்தில் திசுநீர் கலந்தால் ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும். 2016-18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். அதில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் சோகை 41 சதவீதம்தான் வந்தது. 41 என்றாலும் ஐந்தில் இரண்டு பிள்ளைகள். அதே ஆய்வில் அந்த வயதில் இரும்புக் குறைபாடு 32 சதவீதம், துத்தநாகம் 19, வைட்டமின் ஏ 18. ஆகவே எல்லாச் சோகையும் இரும்பால் வருவதில்லை, எல்லாக் குறைபாடும் சோகையாகத் தெரிவதும் இல்லை. ஃபோலிக் அமிலக் குறைவு, பி12 குறைவு, குடற்புழு, அடிக்கடி வரும் காய்ச்சல் எல்லாம் இதில் சேர்த்தி.

மாத்திரை

கர்ப்ப காலம் முழுவதற்கும் ஒரு பெண்ணுக்குக் கூடுதலாகச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது மருத்துவப் பாடப்புத்தகக் கணக்கு. கடைசி மாதங்களில் உடம்புக்குள் தினமும் 6 மில்லிகிராம் அளவுக்குச் சேர வேண்டும். சாப்பிடுவதில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும் என்று வைத்தால், தினம் 60 மில்லிகிராம் சாப்பிட வேண்டும். அரசாங்கம் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் இருப்பது சரியாக 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். நான்காம் மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். இந்த அளவை வேறு எந்த வழியும் எட்டாது. கீரை எட்டாது, அரிசி எட்டாது, உப்பு கிட்டவே வராது. கர்ப்பிணி விஷயத்தில் போட்டி இத்தோடு முடிந்துவிடுகிறது.

ஆனால் மாத்திரை கையில் இருப்பது வேறு, வயிற்றில் இருப்பது வேறு. அதே 2019-21 கணக்கெடுப்பில், நாட்டில் 180 நாள் மாத்திரை சாப்பிட்டதாகச் சொன்ன தாய்மார்கள் 26 சதவீதம் மட்டும். ஏன் என்று புளியந்தோப்பில் ஒரு பெண் எனக்குக் காட்டினாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். உள்ளே பிரிக்காத அட்டைகள், சிவப்பும் வெள்ளையும். சிவப்பு இரும்பு, வெள்ளை கால்சியம். "ரெண்டையும் காலைல டீ குடிச்சிட்டு ஒண்ணாப் போட்டேன்க்கா. கொமட்டிக்கினு வந்துச்சி. வெளிக்கி கறுப்பாப் போச்சி. கொழந்த கறுப்பாப் பொறக்கும்னு மாமியாரு வேற சொன்னாங்க, விட்டுட்டேன்."

அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. கால்சியமும் அப்படித்தான். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் குமட்டலும் குறையும், சேருவதும் கூடும். மலம் கறுப்பதற்குக் காரணம் உடம்பில் சேராமல் வெளியேறும் இரும்பு. குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இவ்வளவையும் சொல்ல எனக்கு ஏழு நிமிடம் ஆனது, மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. செக்கப் நாளில் வரிசை வாசல் வரை நிற்கும்போது எந்த நர்ஸுக்கு அந்த ஏழு நிமிடம் கிடைக்கும்? தேசியத் திட்டத்தில் மாத்திரைக்குப் பணம் இருக்கிறது. மாத்திரைக்குப் பின்னால் வரும் பேச்சுக்கு ஆள் சம்பளம் என்று தனியாக ஒரு வரி வேண்டும். அது இல்லாவிட்டால் வாங்கும் மாத்திரைகள் டப்பாவில்தான் சேரும்.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பிரச்சினை பாதி குறைவு. வாரம் ஒரு நீல மாத்திரை, டீச்சர் கண்முன்னே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்து இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தால் அடுத்த வாரம் முழுப் பள்ளியும் வேண்டாம் என்று நிற்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் போதும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றும் வைட்டமின் ஏ திரவம் இரண்டும் ஓரளவு ஒழுங்காக நடப்பவை. அவற்றைத் தொட வேண்டாம்.

அரிசி

2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார்: 2024க்குள் அரசுத் திட்டங்களில் போகும் அரிசி எல்லாம் செறிவூட்டியதாக இருக்கும். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை அதை 2028 டிசம்பர் வரை தொடர 17,082 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. நான்கு வழிகளில் பெரிய பணம் இதற்குத்தான் போயிருக்கிறது. காரணம் புரிகிறது. ஆலையில் கலந்தால் போதும், யாரையும் எதற்கும் சம்மதிக்க வைக்க வேண்டாம், ஏற்கனவே ஓடும் லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம்.

இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தர அளவுப்படி ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு. பெரியவர் ஒருவர் நாளைக்கு 200 கிராம் அரிசி சாப்பிட்டால் கிடைப்பது 5.6 முதல் 8.5 மில்லிகிராம். சேருவது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. நல்ல உடல்நிலையில் இருப்பவர் சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்ள இது உதவலாம். சோகையில் கிடப்பவரைத் தூக்கி நிறுத்தாது. ஒரு வயதுக் குழந்தை 50 கிராம் அரிசி சாப்பிட்டாலே பெரிது. அதில் இருப்பது 1.4 முதல் 2.1 மில்லிகிராம்தான். செறிவூட்டிய அரிசி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வும், சோகையைக் குறைப்பதில் இதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, உடலின் இரும்புக் குறைபாடு குறையலாம் என்ற மட்டில்தான் நிற்கிறது.

சென்னையில் இன்னொன்றும் இருக்கிறது. ரேஷன் அரிசியைச் சோறாகப் பொங்கும் வீடுகள் இருக்கின்றன, இல்லாமல் இல்லை. ஆனால் பல வீடுகளில் அது இட்லி மாவுக்குப் போகும், அல்லது கைமாறிப் போகும். சோற்றுக்குக் கடையில் பொன்னி வாங்குவார்கள். யாருக்குச் சேர வேண்டுமோ அவர் தட்டில் அது இருக்கிறதா என்பதை ரேஷன் கடைப் பதிவு சொல்லாது. மாவுக்குப் போவதில் ஒரு நன்மையும் உண்டு: அரைத்துவிட்டால் பொறுக்க முடியாது, புளிக்க வைப்பதால் இரும்பு சேருவதைத் தடுக்கும் பொருள் குறைகிறது. நம் பாட்டிமார்களின் புளிக்க வைக்கும் வழக்கம் இந்த ஒரு விஷயத்தில் ஆலைக்குக் கைகொடுக்கிறது.

தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களுக்குக் கூடுதல் இரும்பு ஆகாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே அரிசி என்னும்போது அந்தக் குடும்பம் வேறு அரிசிக்கு எங்கே போகும் என்ற கேள்விக்கு ரேஷன் கடையிலேயே பதில் இருக்க வேண்டும்.

அதனால் அரிசியை ஒதுக்கச் சொல்லவில்லை. சத்துணவுக் கூடம், விடுதி, காலை உணவுத் திட்டம் போல ஒரே அண்டாவில் பொங்கி அங்கேயே சாப்பிடும் இடங்களில் அது இருக்கட்டும். வீடு வீடாகக் கொடுக்க ஒதுக்கிய பெருந்தொகையின் ஒரு பங்கை மாத்திரைக்கான பேச்சுக்கும் குழந்தையின் கிண்ணத்துக்கும் திருப்பினால் பலன் கூடும் என்பது என் கணிப்பு.

உப்பு

பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பெண், கர்ப்பமாகும் வரை எந்த அரசு ஊழியரின் கண்ணிலும் படுவதில்லை. தி.நகர் ஜவுளிக் கடையில் காலை பத்து மணியிலிருந்து நின்றுகொண்டே புடவை விரித்துப் போடும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். வயது இருபத்திரண்டு. ஹாஸ்டலில் தங்கல். மாதவிடாயில் போகும் ரத்தத்துக்கு ஈடு எங்கிருந்தும் வரவில்லை. அவளுக்கும் வாரம் ஒரு மாத்திரை என்று காகிதத்தில் இருக்கிறது. எடுத்துக் கொடுக்கும் கைதான் இல்லை. நாளைக்குக் கல்யாணமாகிக் கர்ப்பமாகும்போது அவள் ஏற்கனவே சோகையோடுதான் மாநகராட்சி ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவாள். அந்த வயதில் அவளைத் தினமும் தவறாமல் தொடுவது உப்பு ஒன்றுதான்.

உப்பின் பலம் நிரூபணமான பலம். இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956இல் டாக்டர் ராமலிங்கசுவாமி தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தாலே கழலை குறையும் என்று காட்டியது. அதை வைத்துத்தான் 1962 திட்டமே எழுந்தது. அதே உப்பில் இரும்பையும் சேர்ப்பது இரட்டைச் சத்து உப்பு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உருவாக்கிய முறை. நம் தமிழ்நாடு உப்புக் கழகம் அதைத் தயாரித்துச் சத்துணவுக்குக் கொடுக்கிறது. 2014இலிருந்து அம்மா உப்பு என்ற பெயரில் கடையிலும் வந்தது. ஒரு கிராம் உப்பில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இரும்பு. நாளைக்கு ஐந்து கிராம் உப்பு என்றால் ஐந்து மில்லிகிராம். அரிசி தருவதற்கு அருகில் வந்துவிடுகிறது, ஆனால் பொறுக்கி எடுக்க முடியாது, விற்கவும் மாட்டார்கள்.

குறையும் உண்டு. சில சமயம் சமையல் லேசாகக் கறுக்கும். வெள்ளைப் பொரியலில் புள்ளி தெரிந்தால் பெண்கள் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். இன்னொன்று நம் ஊருக்கே உரிய சங்கடம். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று உப்பு விளையும் மாநிலம் இது. ஆனால் 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான். நாட்டிலேயே கடைசி. உப்பளம் பக்கத்தில் இருப்பதே காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவில் இன்றும் மூன்று சக்கர வண்டியில் கல்லுப்பு வருகிறது. ஊறுகாய்க்கும் மீன் குழம்புக்கும் கல்லுப்புதான் ருசி என்று என் அம்மாவும் சொல்வார். இப்போது 'இயற்கை உப்பு' என்று படித்த வீடுகளும் அயோடினை விட்டுக்கொண்டிருக்கின்றன. இரும்பு சேர்த்த உப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன், கல்லுப்பிலும் அயோடின் தெளித்து விற்க வைக்க வேண்டும். சின்ன உப்பளக்காரர்களை நசுக்காமல், கூட்டுறவாகச் சேர்த்து இயந்திரம் வாங்கிக் கொடுத்தால் முடியும். அயோடின் குறைந்தால் அடிபடுவது கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையின் மூளை. இதில் தாமதிக்க மனம் வரவில்லை.

சாப்பாடு

முட்டை, கீரை, ராகி, மீன். எல்லோருக்கும் பிடித்த விடை இதுதான், எனக்கும். ஆனால் மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. ஒரு முட்டையில் இருக்கும் இரும்பு ஒரு மில்லிகிராம் அளவுதான், அதுவும் எளிதில் சேராது. முட்டையின் பெருமை வேறு: நல்ல புரதம், பி12, வைட்டமின் ஏ, துத்தநாகம். இரும்பு மாத்திரையால் நிரப்ப முடியாத பள்ளங்கள் இவை. ராகியில் நூறு கிராமுக்கு 364 மில்லிகிராம் கால்சியம், பாலைப் போல மூன்று மடங்கு. முருங்கைக் கீரையில் வைட்டமின் ஏயாக மாறும் பொருள் கொட்டிக் கிடக்கிறது. இரும்புக்கு மட்டும் இவற்றை நம்பி உட்கார முடியாது.

இரும்பு எளிதாகச் சேருவது ரத்தம் உள்ள உணவிலிருந்துதான். இதை நம் மக்கள் அறிந்தே வைத்திருக்கிறார்கள். ஓட்டேரி, பெரம்பூர் கறிக்கடைகளில் ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), வெளிறிப் போன பிள்ளைக்கு ஈரல், வீட்டுக்கு ரத்தப் பொரியல். மலிவாகவும் கிடைக்கும். காசிமேட்டு நெத்திலியும் அப்படித்தான். நான் பார்த்த ஊட்டச்சத்து விளக்கப் படங்களில் எல்லாம் கேரட்டும் பீட்ரூட்டும் சிரிக்கின்றன, சுவரொட்டி ஒன்றில்கூட இல்லை. சாப்பிடுகிற ஜனங்களிடம் அதைச் சாப்பிடு என்று சொல்வதற்கு என்ன தயக்கம்? ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், கர்ப்பிணிகள் அடிக்கடி எடுக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையையும் சேர்த்துச் சொன்னால் போகிறது. சாப்பிடாதவர்களுக்குப் பயறும், ராகியும், கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ.

முட்டை விஷயத்தில் மற்ற மாநிலங்களுக்குக் காட்ட நம்மிடம் ஒரு வரலாறு இருக்கிறது. 1956இல் காமராஜர் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 1989இல் கருணாநிதி அதில் முட்டையைச் சேர்த்தது. இன்று பள்ளியில் வாரம் ஐந்து முட்டை. வேண்டாம் என்பவருக்கு வாழைப்பழம். சண்டை இல்லாமல் நடக்கிறது. முட்டை என்றாலே தகராறு வரும் மாநிலங்களில் இந்த 'வேண்டாதவருக்குப் பழம்' ஏற்பாட்டையே தேசியத் திட்டத்தின் விதியாக எழுதலாம்.

ஆனால் வயதைப் பாருங்கள். இந்த முட்டை பள்ளிப் பிள்ளைக்கும், அங்கன்வாடியில் வந்து உட்காரும் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும்தான் முழுசாகக் கிடைக்கிறது. மூளையும் ரத்தமும் வேகமாக வளரும் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை முக்கியமாகக் கொடுப்பது வீட்டுக்கு அனுப்பும் சத்துமாவு. அந்த மாவை அம்மா, அப்பா, அண்ணன் எல்லோரும் கொழுக்கட்டை பிடித்துச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். பசி உள்ள வீட்டில் அது தவறே இல்லை. சிரப்பும் அப்படித்தான். வாரம் இரண்டு முறை ஒரு மில்லி ஊற்ற வேண்டும், அதில் 20 மில்லிகிராம் இரும்பு. பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு வந்தால், வயிறு ஒருமுறை கலங்கியதும் அது அலமாரி மேல் தட்டுக்குப் போய்விடும்.

நான் திட்டம் போடும் மேசையில் உட்கார்ந்தால் முதல் வரியாக இதை எழுதுவேன். ஆறு மாதம் முடிந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வாரம் இரண்டு நாள் பால்வாடிக்கு வர வேண்டும். வேலைக்குப் போகும் அம்மாவுக்காகச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் திறந்திருக்க வேண்டும். ஊழியர் கையாலேயே ஒரு மில்லி சிரப் ஊற்றி, அங்கேயே அவித்த முட்டையை மசித்து ஊட்டி, அட்டையில் குறிக்க வேண்டும். பதினெட்டு மாதத்தில் 156 முறை. கூடுதல் செலவு இரண்டு: முட்டை, இன்னொரு ஊழியரின் சம்பளம். இப்போது இருக்கும் ஒருவர் தலையிலேயே இதையும் கட்டினால் அட்டையில் மட்டும்தான் நடக்கும்.

கூடவே வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் குழந்தைகளுக்காவது நரம்பில் ரத்தம் எடுத்து, ஹீமோகுளோபினோடு இரும்பு இருப்பு, பி12, துத்தநாகம் பார்க்க வேண்டும். மூன்று வருடம் இப்படி நடத்தி, ஒவ்வொரு குழந்தைக்கும் 156 முறை ஊட்டியும் எண் அசையவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, குடிதண்ணீரிலோ கழிவறையிலோ. அப்போது என் வரிசையை நானே மாற்றி எழுதுவேன்.

வியாசர்பாடி ஆயாவிடம் அன்று கிண்ணத்து அரிசியைத் தனியாக வேகவைக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வெந்து குழைந்தது. விரலால் நசுக்கிப் பார்த்தார், வாயில் போட்டார். "மாவு வாசனதான் வருது," என்றார். பிறகு, மருமகளின் சிவப்பு மாத்திரையை எடுத்து வந்து, இதை எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று கேட்டார்.